மூன்று வார அமைதிப் பணி, ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்

கேள்வி: எனக்கு வயது 27. பி.காம். படித்துவிட்டு, ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் ஐந்து வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் இரண்டு வருடம் தன்னார்வலராக மாலை வகுப்பு எடுத்தேன். அந்தச் சமயத்தில் கோயில் பொங்கலை ஒட்டி எங்கள் ஊரில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் தகராறு வந்து, போலீஸ் காவல் நிற்கும் அளவுக்குப் போனது. வகுப்பு பதினைந்து நாள் நின்றுவிட்டது. பிறகு சாவடியில் நடந்த வகுப்பை ரேஷன் கடைத் திண்ணைக்கு மாற்றினேன், பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அது இருக்கட்டும். உலக அளவில் அமைதிக்காக வேலை செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரு நிறுவனம் கிழக்கு ஆப்பிரிக்காவில் மூன்று வாரம் ‘அமைதித் தொண்டர்’ வாய்ப்பு தருவதாகச் சொல்கிறது. 1,75,000 ரூபாய், விமான டிக்கெட் தனி. “ஊருக்கு உழைக்க ஊர் விட்டு ஊர் போகணுமா, அதுவும் கைக்காசைப் போட்டா?” என்கிறார் அம்மா. தொண்டர்களால் உண்மையிலேயே சமாதானம் வருகிறதா, இல்லை எல்லாம் போட்டோவுக்குத்தானா? நான் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

முதலில் பணத்தைப் பேசி முடித்துவிடுவோம். கட்டாதீர்கள்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த நிகழ்ச்சி நிரலை இரண்டு முறை படித்தேன். முதல் வாரம் பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது. இரண்டாவது வாரம் ‘ஆதரவற்ற குழந்தைகளோடு அன்பைப் பகிர்தல்’. மூன்றாவது வாரத்தில் ஒரே ஒரு நாள் ‘இனக்குழுப் பெரியவர்களோடு அமைதி உரையாடல்’, மீதி நாள் சிங்கம் பார்க்க சஃபாரி. சஃபாரியைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நிரலில் சொன்னபடி நடக்கப்போவது அது ஒன்றுதான். பெயின்ட் அடிக்க அந்த ஊரில் ஆள் இல்லாமலா இருக்கும்? அங்கே ஒரு பெயின்டருக்குப் போக வேண்டிய நாலு நாள் கூலியை நீங்கள் காசு கொடுத்துத் தடுத்துவிட்டு வருவீர்கள். பெரியவர்கள் உங்களோடு எந்த மொழியில், என்ன நம்பிக்கையில் பேசுவார்கள்? உங்கள் ஊர்த் தகராறைப் பற்றி ராஜபாளையத்திலிருந்து ஒருவர் வந்து கேட்டாலே நம் ஆட்கள் வாய் திறந்திருப்பார்களா, சொல்லுங்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது இரண்டாவது வாரம். நேபாளத்திலும் கம்போடியாவிலும் வெளிநாட்டுப் பயணிகளும் குறுகிய காலத் தொண்டர்களும் பெருகப் பெருக, அனாதை இல்லங்களும் பெருகின. அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள் என்பது பின்னால் யுனிசெஃப் எடுத்த கணக்குகளில் தெரியவந்தது. படிப்பு கிடைக்கும், மூன்று வேளைச் சோறு கிடைக்கும் என்று சொல்லி ஏழை வீடுகளிலிருந்து கூட்டி வந்த பிள்ளைகள். வந்து கொஞ்சிவிட்டு நன்கொடை கொடுத்துப் போகிறவர்கள் இருந்ததால், கொஞ்சுவதற்குப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களுக்குப் பிள்ளை பிடிக்கும் இந்த வியாபாரமும் விவாதத்துக்கு வந்தது. உங்களைப் பற்றி ஒன்றும் விசாரிக்காமல், ஒரு போலீஸ் சரிபார்ப்புகூட இல்லாமல், குழந்தைகளுக்கு நடுவே கொண்டுபோய் உட்கார வைக்கும் இடம் எதுவானாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இதையெல்லாம் தெரிந்தவள்போல மேலே நின்று சொல்லவில்லை. தொண்டர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து அனுப்புவதுதான் பதினேழு வருடமாக என் பிழைப்பு. அதற்கு முன்னால் நானும் ஒரு வேனில் ஏறிப் போனவள்தான். 2005 ஜனவரி, சுனாமிக்குப் பின்னால் நாகப்பட்டினம். சாலையோரம் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது. கம்பளி ஸ்வெட்டர், கிழிந்த ஜீன்ஸ், ஜரிகை போன பட்டுப்பாவாடை. மீனவர் குடும்பங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் குழுவுக்கு ‘மன ஆறுதல்’ வேலை. இரண்டு நாள் பயிற்சி, கையில் கிரேயான் டப்பா. பிள்ளைகளை உட்கார வைத்து, மனதில் இருப்பதை வரையச் சொன்னோம். ஒன்பது வயது இருக்கும் ஒரு பெண். இரண்டே நிமிடத்தில் அலை, கவிழ்ந்த படகு, தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் ஆள் எல்லாம் வரைந்து நீட்டி, “இதான அக்கா வேணும்?” என்றாள். எங்களுக்கு முன்னால் அந்த முகாமுக்கு ஐந்து குழு வந்து போயிருந்தது.

அன்று மத்தியானம் நான் கிரேயானை வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தபோது, ஊர்ப் பஞ்சாயத்துக்காரர் ஒருவர் நோட்டு ஒன்றைக் கொடுத்து, “எழுதத் தெரியும்ல, இந்தக் குடும்பக் கணக்கை ஒழுங்கா எழுதிக் குடும்மா” என்றார். எந்தக் குடும்பத்துக்கு எத்தனை பாய், எத்தனை பாத்திரம், எத்தனை கிலோ அரிசி வந்தது என்று எழுதி, சாயங்காலம் எல்லாரும் கேட்கும்படி சத்தமாகப் படிக்க வேண்டும். முந்தின வாரம் இதே பாய்க்கும் பாத்திரத்துக்கும் அங்கே அடிதடி நடந்திருந்தது. நான் இருந்த பத்து நாளும் அதைத்தான் செய்தேன். மன ஆறுதல் என்று போய் நான் செய்த உருப்படியான காரியம் அந்த நோட்டு ஒன்றுதான். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் இதைச் சொல்கிறேன், பின்னால் திரும்பவும் இதற்கு வருவேன்.

சரி, தொண்டர்களால் சமாதானம் வருகிறதா என்ற கேள்விக்கு வருவோம். எனக்குப் பிடித்த ஒரு ஊரின் கதையைச் சொல்கிறேன். அதுவும் கிழக்கு ஆப்பிரிக்காதான்.

கென்யாவின் வடகிழக்கில், சோமாலியா எல்லையை ஒட்டி, வஜீர் என்று ஒரு மாவட்டம். வறண்ட பூமி, ஒட்டகமும் ஆடுமாடும்தான் சொத்து. அங்கே இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சோமாலி மக்கள். அஜுரான், டெகோடியா, ஒகாடென் என்று பல குலங்கள். 1991-ல் சோமாலியாவில் அரசாங்கம் கவிழ்ந்தது. எல்லை தாண்டி அகதிகளும் வந்தார்கள், துப்பாக்கிகளும் வந்தன. அதே நேரத்தில் கடும் வறட்சி, கால்நடைகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. 1992 தேர்தல் வந்து, எந்தக் குலத்துக்கு எந்தத் தொகுதி என்ற பகை வேறு சேர்ந்தது. கொள்ளை, பழிக்குப் பழி, ராத்திரியில் துப்பாக்கிச் சத்தம். தூரத்துத் தலைநகர் நைரோபிக்கு அது என்றைக்கும் ஓயாத எல்லைத் தகராறு, அவ்வளவுதான்.

பகை சந்தைக்கும் வந்தது. இந்தக் குலத்துப் பெண்ணிடம் அந்தக் குலத்துப் பெண் பால் வாங்க மாட்டாள், விற்கவும் மாட்டாள். ஒரு கல்யாண வீட்டில் கூடிய பெண்கள் சிலர் இதைப் பேச ஆரம்பித்தார்கள் என்று சொல்வார்கள். கல்யாண வீடு எல்லாக் குலத்தாரும் வரும் இடம். நம் ஊரில் துக்க வீட்டுக்குப் பகையாளியும் வந்து நிற்பதில்லையா, அந்த மாதிரி. அந்தப் பெண்களில் ஒருவர் டெக்கா இப்ராஹிம் அப்தி. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, யாரும் நியமிக்கவும் இல்லை.

அவர்கள் கையில் எடுத்த முதல் காரியம் சந்தை. ஒவ்வொரு குலத்திலிருந்தும் பெண்களைச் சேர்த்து ஒரு குழு போட்டார்கள். சந்தைக்குள் எவரும் எவரிடமும் வாங்கலாம், விற்கலாம். யாராவது தடுத்தால் குழுவிடம் வர வேண்டும், குழு அங்கேயே பேசித் தீர்க்கும். அவ்வளவுதான் திட்டம். கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கும். பாலை விற்றால்தான் சாயங்காலம் வீட்டில் உலை கொதிக்கும் என்று இருக்கும் பெண்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ‘பகையை மறந்துவிடுங்கள்’ என்று அந்தக் குழு யாரிடமும் சொல்லவில்லை. பகை இருக்கட்டும், வியாபாரம் நடக்கட்டும் என்றுதான் சொன்னது.

அடுத்துப் பெரியவர்களிடம் போனார்கள். அங்கே ஒரு முடிச்சு. பெரிய குலத்துப் பெரியவர் கூட்டம் கூட்டினால் மற்றவர் வர மாட்டார். அதனால் சண்டையில் அதிகம் சம்பந்தப்படாத ஒரு சிறிய குலத்துப் பெரியவரை முன்னால் நிறுத்திப் பேச வைத்தார்கள். இந்த யோசனைக்காகவே நான் அந்தப் பெண்களைக் கும்பிடுவேன். 1993-ல் பெரியவர்கள் கூடி, அல் ஃபதா பிரகடனம் என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அப்புறம் இளைஞர்களுக்கு ஒரு குழு வந்தது. எங்காவது கால்நடை கொள்ளை போனது, ஆள் செத்தது என்று சேதி வந்தால், பழி வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் அங்கே போய் நிற்பதற்குப் பெரியவர், பெண், மதத் தலைவர், அதிகாரி எல்லாம் சேர்ந்த ஒரு அவசரக் குழு வந்தது. 1995-ல் இவை எல்லாம் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து வஜீர் அமைதி மற்றும் வளர்ச்சிக் குழு ஆயின. பெயரில் ‘வளர்ச்சி’ சும்மா அலங்காரத்துக்கு ஒட்டவில்லை. சண்டையின் வேர் கிணற்றடியிலும் மேய்ச்சல் நிலத்திலும் இருந்தது. கிணற்றைப் பற்றிப் பேசாமல் அமைதியைப் பற்றி மட்டும் பேசினால் அடுத்த வறட்சியில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

வஜீரைப் பார்த்து மற்ற மாவட்டங்களும் இப்படிக் குழு வைத்தன. 2007 தேர்தலுக்குப் பிறகு கென்யாவில் பெரிய கலவரம் நடந்தபோது, நாடு முழுக்க மாவட்ட அமைதிக் குழுக்கள் வேண்டும் என்ற இடத்துக்கு அரசே வந்தது. அதே 2007-ல் டெக்காவுக்கு ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2011-ல் ஒரு சாலை விபத்தை அடுத்து இறந்துபோனார்.

இதோடு நிறுத்தினால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் 1998-ல் அதே வஜீர் பகுதியில் பகல்லா என்ற இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். குழு இருந்தும் நடந்தது. குழு இருந்ததால் நடக்காமல் போனவை எத்தனை என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. இந்த வேலையின் கஷ்டமே இதுதான். பாலம் கட்டினால் காட்டலாம், நடக்காத கொலையை எங்கே காட்டுவது?

இப்போது உங்கள் கடிதத்துக்கு வாருங்கள். ‘அது இருக்கட்டும்’ என்று தள்ளிவிட்டுப் போனீர்களே, அந்த வரிக்கு. உங்கள் ஊரை நான் பார்த்ததில்லை. ஆனால் தென்மாவட்டத்துச் சாவடி என்றால் அது யாருடைய சாவடி என்பது ஊருக்கே தெரியும். யார் ஏறி உட்காரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்பதும் தெரியும். சாதாரண நாளில் பிள்ளைகள் விஷயத்தில் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள், தகராறு வந்ததும் அது உறுத்தியிருக்கும். ரேஷன் கடை அப்படி இல்லை. அரிசியும் பருப்பும் வாங்க இரண்டு தெருவும் அங்கே வந்துதான் ஆக வேண்டும், அது அரசாங்கத்து இடம். யோசித்துத்தான் மாற்றினீர்களா, இல்லை வேறு இடம் கிடைக்கவில்லையா, எனக்குத் தெரியாது. எப்படியானாலும் நீங்கள் போய் நின்றது வஜீர் பெண்கள் போய் நின்ற இடத்தில்தான். அதை ‘அது இருக்கட்டும்’ என்று முடித்துவிட்டு, சிங்கம் பார்க்கப் போகும் திட்டத்துக்கு நிரலையே இணைத்து அனுப்பியிருக்கிறீர்கள்!

அதற்காக உங்கள் ஊரில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கோயிலில் யார் எங்கே நிற்பது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும். தொண்டர்கள் சறுக்கும் பெரிய சறுக்கல் இங்கேதான். சண்டை நின்றால் போதும் என்று நினைத்து, இடிபட்டவரிடம் போய் ‘விட்டுக்கொடுத்துப் போங்கள்’ என்று சொல்லிவிடுவது. இலங்கையில் ஏ.டி. ஆரியரத்ன என்ற ஆசிரியர் 1958-ல் சர்வோதய சிரமதான இயக்கத்தைத் தொடங்கியபோது, கொழும்பு நாளந்தா கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொண்டு போன முதல் கிராமம் கனதொலுவ. ரொடியா என்று சிங்களச் சாதி அடுக்கில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்களின் ஊர் அது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அங்கே தங்கி, அந்த மக்களோடு மண் வெட்டி, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ‘நாம் பாதை போடுகிறோம், பாதை நம்மை உருவாக்குகிறது’ என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். பாதை போடுவதைவிட, எந்த ஊரில் போடுவது என்று அவர் தேர்ந்தெடுத்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்படியானால் வெளியூரிலிருந்து, வெளிநாட்டிலிருந்து போகிறவருக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. வெளியாள் என்பதாலேயே செய்யக்கூடிய வேலைகள் சில இருக்கின்றன.

பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல் என்று ஓர் அமைப்பு. 1981-ல் கனடாவில் கூடித் தொடங்கியவர்களில் காந்தியவாதி நாராயண் தேசாயும் ஒருவர். மத்திய அமெரிக்காவில் இருக்கும் குவாதமாலாவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்தார் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். 1985-ல் சில நாள் இடைவெளியில் அந்தச் சங்கத்தின் முன்னணி ஆட்கள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். மிச்சம் இருந்தவர்களோடு இந்த அமைப்பின் தொண்டர்கள் இருபத்து நாலு மணி நேரமும் கூடவே இருக்கத் தொடங்கினார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்வது, கூட்டம் நடக்கும் வீட்டு வாசலில் நிற்பது, ராத்திரி அதே வீட்டில் தூங்குவது. கையில் ஆயுதம் கிடையாது, ஆலோசனை சொல்வதும் கிடையாது. வெளிநாட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை வைத்தால் தூதரகம் கேட்கும், உதவிப் பணம் நிற்கும் என்று அடியாளை ஏவுகிறவன் பயப்படுகிறான் அல்லவா, அந்தப் பயம்தான் கவசம். 1989-ல் இதே அமைப்பு இலங்கைக்கும் வந்தது. காணாமல் போனவர்களுக்காக ஆட்கொணர்வு மனு போட்ட வழக்கறிஞர்களுக்குக் கொலை மிரட்டல் இருந்த காலம். 1998 வரை அங்கே இருந்தார்கள். உலகம் என்ன சொன்னால் எனக்கென்ன என்று இருப்பவனிடம் இந்த வித்தை பலிக்காது. அதனால்தான் எந்த இடத்தில் பலிக்கும் என்று மாதக்கணக்கில் ஆராய்ந்துவிட்டு இறங்குகிறார்கள். உங்களை மாதிரி ஆளை மூன்று வாரத்துக்கு எடுக்க மாட்டார்கள். 25 வயது ஆகியிருக்க வேண்டும், லத்தீன் அமெரிக்கா என்றால் ஸ்பானிஷ் சரளமாகப் பேச வேண்டும், ஒரு வருடமாவது இருக்க வேண்டும்.

வெளியாள் செய்யக்கூடிய இன்னொன்று தேர்தல். 1993 மே மாதம் கம்போடியாவில் ஐ.நா. நடத்திய தேர்தலுக்கு, மாவட்டம் மாவட்டமாகப் போய் வாக்காளரைப் பதிவு செய்து, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் நானூற்றுக்கும் மேற்பட்ட ஐ.நா. தன்னார்வலர்கள். ஓட்டு ரகசியமானது, யாருக்குப் போட்டீர்கள் என்று யாருக்கும் தெரியாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வதே பெரிய வேலை. அந்த ஏப்ரலில் அட்சுஹிதோ நகாதா என்ற 25 வயது ஜப்பானியத் தன்னார்வலர் சுட்டுக் கொல்லப்பட்டார். கூட இருந்த கம்போடிய மொழிபெயர்ப்பாளரும் இறந்தார், அவரைப் பற்றி உலகம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மகன் போன பிறகு தகப்பன் வேலையை விட்டுவிட்டு, ஐ.நா. தன்னார்வலர்களின் கௌரவத் தூதராக ஊர் ஊராகப் போய்த் தொண்டைப் பற்றிப் பேசினார். தேர்தலில் பதிவு செய்தவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவிடம் ‘எல்லாம் பத்திரமான வேலைதான்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள்.

குறுகிய காலம் என்றால் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் முகாம்கள் உண்டு. முதல் உலகப் போர் முடிந்து இரண்டு வருடத்தில், 1920-ல், பியர் செரெசோல் என்ற சுவிஸ் பொறியாளர் பிரான்சின் வெர்டன் போர்க்களத்தை ஒட்டிய ஒரு இடிந்த கிராமத்தில் வீடு கட்ட ஆள் சேர்த்தார். சேர்ந்தவர்களில் ஜெர்மானியரும் இருந்தார்கள். இடித்தவன் நாட்டு ஆளே வந்து செங்கல் தூக்குவதை அந்த ஊர் முழுசாக ஏற்கவில்லை. எதிர்ப்பு வந்தது, சில மாதத்தில் முகாமைக் கலைத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. முதல் முகாமே இப்படி முடிந்தது எனக்கு என்னவோ ஆறுதலாக இருக்கும்! 1934 பீகார் பூகம்பத்துக்குப் பின் அதே செரெசோல் இங்கே வந்து ஊர் கட்டினார். இந்த அமைப்பின் இந்தியக் கிளை இன்றும் இருக்கிறது. முகாம் இரண்டு மூன்று வாரம்தான், பதிவுக் கட்டணம் சிறு தொகை. போனால் அந்த ஊருக்கு லாபமோ இல்லையோ, வேறு தேசத்துப் பிள்ளைகளோடு ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடும் பழக்கம் உங்களுக்கு வரும். அந்த நினைப்போடு போனால் தப்பில்லை.

உங்களுக்கு நான் சொல்லும் வழி ஐ.நா. தன்னார்வலர்கள் திட்டம். 1970-ல் ஐ.நா. பொதுச்சபை தொடங்கியது, தலைமையகம் ஜெர்மனியில் பான் நகரம். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் போகிறார்கள், அவர்களில் பெரும்பகுதி நம்மைப் போன்ற நாடுகளின் ஆட்கள். எந்தக் கட்டத்திலும் ஒரு பைசா கட்டணம் கிடையாது. சம்பளம் என்று இல்லை, ஆனால் சாப்பாடு, வாடகைக்கு மாதப்படி, போக வர டிக்கெட், மருத்துவக் காப்பீடு உண்டு. வெளிநாட்டுப் பணியில் 18 முதல் 26 வயதுக்காரர்களுக்கு இளைஞர் பிரிவு, 27 வயதிலிருந்து அனுபவம் உள்ளவர்களுக்கு நிபுணர் பிரிவு. உங்களுக்கு இப்போதுதான் வயது கூடி வந்திருக்கிறது. ஐ.நா. அமைதிப் படை இருக்கும் நாடு என்றதும் எல்லாரும் மனித உரிமை அலுவலர் வேலையைத்தான் நினைக்கிறார்கள். கணக்கு, கொள்முதல், கிடங்கு, வாகனம் என்று பார்க்கவும் தன்னார்வலர்களைத்தான் கேட்கிறார்கள். இந்தத் துறையில் கணக்கு எழுதத் தெரிந்த ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நேர்காணலுக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உலகத்தை மாற்ற வருவார்கள், ரசீதைத் தேதி வாரியாக அடுக்கத் தெரியாது.

அமெரிக்காவின் பீஸ் கோர், ஜப்பானின் தொண்டர் திட்டம் என்றெல்லாம் இணையத்தில் கண்ணில் படும். அவை அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும், நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உடனே விண்ணப்பம் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள், மில் வேலையை விடாதீர்கள். ஐ.நா. தன்னார்வலர்களுக்கு இணையவழித் தொண்டும் உண்டு. வீட்டிலிருந்தே செய்யலாம், வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கேட்க மாட்டார்கள், 12 வாரத்துக்குள் முடிந்துவிடும். ஏதோ ஒரு நாட்டில் ஒரு சின்ன அமைப்புக்குப் பட்ஜெட் போட்டுக் கொடுங்கள், இங்கிலீஷில் அறிக்கை எழுதும் கை வரும். முடிந்தால் பிரெஞ்சு படியுங்கள். ஆப்பிரிக்காவில் ஐ.நா. வேலை நடக்கும் பல நாடுகளுக்கு அதுதான் மொழி, பேச வருகிற இந்தியர் குறைவு.

அம்மா கேட்டது நல்ல கேள்வி, அதற்கும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமைகளுக்கு உங்கள் மாவட்டத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1984-லிருந்து ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் வேலை செய்கிறது. அகதிகளே தொடங்கி, அகதிகளே தொண்டர்களாக நடத்துவது. போர் என்றால் என்ன, ஊர் திரும்புவதா வேண்டாமா என்ற கேள்வியோடு முப்பது வருடம் இருப்பது என்றால் என்ன என்று உங்கள் மொழியிலேயே சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். போய் வகுப்பு எடுக்கிறேன், ஓவியம் வரைய வைக்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். உரியவர்களிடம் அனுமதி வாங்கிப் போய், மகளிர் குழுக்களின் கணக்கு நோட்டைச் சரிபார்க்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள், அடுத்த மாதம் திரும்பவும் போங்கள்.

ஒன்றே முக்கால் லட்சத்தை வங்கியில் போட்டு வையுங்கள். மாதப்படி வந்தாலும் முதல் மாதச் செலவுக்குக் கையில் பணம் வேண்டும்.

கடைசியாக, எனக்கு ஒரு வேலை செய்து கொடுங்கள். வகுப்பு நின்ற அந்தப் பதினைந்து நாளை நாள்வாரியாக எழுதி அனுப்புங்கள். முதலில் யார் வீட்டுக்குப் போனீர்கள், எந்தத் தெருவுக்கு முதலில், ஏன்? கதவைத் திறக்காதவர் யார்? ரேஷன் கடைக்காரரிடம் என்ன சொல்லித் திண்ணையைக் கேட்டீர்கள்? முதல் நாள் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எப்படி உட்கார்ந்தார்கள், தனித்தனியாகவா, கலந்தா? எந்தப் பிள்ளை கடைசிவரை வரவே இல்லை? ஞாபகம் இருக்கும்போதே எழுதுங்கள். விண்ணப்பத்தில் எதைப் போடுவது என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.